சத்தமில்லாத வயிறு

வலது கை ஆள்காட்டி விரல் மேலே போகிறது. அவ்வளவுதான், லிஃப்டுக்குள் நிற்கும் ஏழு பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். கைப்பேசியில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்த கட்டட மேலாளர்கூட மிச்ச வசவை விழுங்கிவிட்டு நிற்கிறார். முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனை லிஃப்டின் சுவரில் இருக்கிறது. அதன் பிடி, காதோரத்து எலும்பில் அழுந்தியிருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன.

“மூணாவது மாடி தாண்டுறப்ப லேசா ஒரு முனகல். கேட்டுச்சா?”

யாருக்கும் கேட்கவில்லை. ஏழு பேரும் தலையாட்டுகிறார்கள். கேட்கவில்லை என்று சொன்னால், கேட்கும்வரை மேலும் கீழுமாகப் போய்வர வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். பதினொரு கட்டடங்கள், பத்தொன்பது லிஃப்டுகள், இருபத்தேழு வருடங்கள். அவருடைய பெயரைக் கேட்டால் கட்டடக் காவலாளிகள் சற்று யோசிப்பார்கள். ‘காதுக்காரர்’ என்றால் உடனே கை காட்டுவார்கள். காது ஒன்றும் பெரிதில்லை. சொல்லப்போனால் ஆளின் உயரத்துக்குச் சின்னக் காதுதான். ஆனால் அந்தக் காதை வைத்துக்கொண்டு அவர் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் கதவு கிறீச்சிட்டால், கீலுக்கு எண்ணெய் விட்டபிறகுதான் சாப்பிட உட்காருவார். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி வைத்திருக்கிறார். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இதயம் இருக்கும் இடத்தில் ஒரு வட்டக் கறை உண்டு.

தொழிலில் அவருக்கு இரண்டு கொள்கைகள். கேட்பவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்வார்.

“நல்லா ஓடுறப்பவே காது குடுத்துக் கேட்டு வச்சுக்கணும். கோளாறு வந்த பிறகு போய்க் கேட்டா, எது அதோட சொந்தக் குரல், எது நோவுன்னு எப்படித் தெரியும்?” இது முதலாவது. பத்தொன்பது லிஃப்டுகளும் சௌக்கியமாக இருக்கும்போது எப்படி மூச்சு விடும் என்று அவருக்கு மனப்பாடம். 

“காரணம் இல்லாம எதுவும் நிக்காது.” இது இரண்டாவது. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தேதி, கோளாறு, காரணம், செய்தது என்று நாலு பத்தி. காரணம் என்ற பத்தியை யாராவது காலியாக விட்டால், “தானா நின்னுச்சா? அதுக்கு என்ன கால் வலியா?” என்று கேட்டு ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இத்தனை கேட்கும் மனிதருக்கு, சத்தம் என்றாலே ஆகாது. “ஒரு சத்தம் இல்ல, ராஜா மாதிரி ஓடுது” என்பதுதான் அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு.

அவர் மனைவி இருபது வருடமாக ஒரு அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்துவருகிறார். பைண்டிங் அக்கா என்றால் தெருவுக்கே தெரியும். காகிதம் மடிக்கும் மெஷினும் வெட்டும் மெஷினும் சேர்ந்து அவருடைய இடது காதை முழுசாக வாங்கிக்கொண்டுவிட்டன. வலது காதில் பாதி பாக்கி இருக்கிறது. காதுக்கு வைக்கும் கருவியை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. அதை நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, “ஊருல இருக்கிற சத்தம் பூரா ஒரே அடியா உள்ள வருதுங்க, எனக்கு எதுக்கு?” என்று பெட்டியில் போட்டு மூடிவிட்டார் பைண்டிங் அக்கா. ஆகவே காதுக்காரர் வீட்டில் எதைச் சொன்னாலும் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று, உரக்கச் சொல்ல வேண்டும். சத்தம் ஆகாத மனிதர் தினமும் சத்தம் போட்டே குடும்பம் நடத்துகிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவியதும் அக்கா உள்ளங்கையை நீட்டுவார். “இன்னைக்கு எது?” காதுக்காரர் அன்றைக்குக் கேட்ட சத்தத்தை அந்தக் கையில் விரலால் தட்டிக் காட்டுவார். தேய்ந்த பேரிங் என்றால் உள்ளங்கையைச் சுற்றி ஒரு உரசல். பிரேக் கட்டை என்றால் ஒரே அடி, பிறகு ஒரு நடுக்கம். “ஆஸ்பத்திரி லிஃப்டு கதவுதானே? போன மாசமே செஞ்சீங்களே, மறுபடியுமா?” என்பார் அக்கா. பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த வீட்டுக்கு கிரீஸ் வந்து சேர்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இரண்டரை மாதத்துக்கு முன்னால் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. கதவைத் திறந்து பார்த்தால் ஆள் இல்லை. ஒரு அட்டைப்பெட்டிதான் இருந்தது. வீடு காலி செய்துகொண்டு போன யாரோ, இதை மட்டும் மறந்தார்களோ, மறந்ததுபோல் விட்டார்களோ, தெரியவில்லை. உள்ளே கைப்பிடி அளவில் ஒரு வெள்ளை முயல் குட்டி. நெற்றியில், யாரோ கிரீஸ் படிந்த கையைத் துடைத்ததுபோல ஒரு கறுப்புத் தீற்று; அதைப் பார்த்து அக்கா வைத்த பெயர்தான் கிரீஸ். “லிஃப்டுல மாட்டினவங்கள வெளிய எடுக்கிறதுதான் என் வேலை. வளர்க்கிறது என் வேலை இல்ல. ரெண்டு நாள், ஆளு வந்து கேட்டா குடுத்துரலாம்” என்று சொல்லிக்கொண்டுதான் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்தார்.

மூன்றாம் நாள் கூண்டு வந்தது. நாலாம் நாள், கூண்டுக் கதவு சத்தம் போடுகிறது என்று கீலுக்கு எண்ணெய் விட்டார். ஆனாலும் அதை ‘அது’ என்றுதான் சொல்வார். மடியில் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டார். அக்கா அந்தப் பக்கம் போனதும் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பிக்கு நடுவே விரலை விட்டு நெற்றித் தீற்றைத் தடவிக்கொடுப்பார். இதை எதிர்வீட்டு டீச்சர் தன் சன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை காலை. ஆறு மணிக்கெல்லாம் பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்துப் புல் கேட்கிற கிரீஸ், அன்றைக்கு அடிக்கவில்லை. முந்தின நாள்வரை வீட்டை மூன்று சுற்று ஓடி, நாற்காலிக் காலைக் கடித்து, அட்டகாசம் செய்துகொண்டிருந்த குட்டி. இப்போது கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. பல்லை மட்டும் நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, ராத்திரி வச்ச புல்லு வச்சபடியே கிடக்கு. தட்டுல ஒரு புழுக்கைகூட இல்ல” என்றார் அக்கா. தினமும் கூண்டின் அடித்தட்டைச் சுத்தம் செய்பவர் அவர்தான். புழுக்கை எத்தனை விழும், எந்த அளவில் விழும் என்பதெல்லாம் அவர் கண்ணுக்கு அத்துப்படி.

காதுக்காரர் அப்போதுதான் ஷூ மாட்டியிருந்தார். ஷூவோடு மண்டி போட்டார். விரல் மேலே போனது. முயலை முதல்முறையாக இரண்டு கையாலும் தூக்கி, அதன் வயிற்றில் காதை வைத்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. முகம் மலர்ந்தது.

“ஒரு சத்தம் இல்ல! சுத்தமா ஓடுது. ராஜா மாதிரி இருக்கு, பயப்படாத!”

அக்கா காலித் தட்டைப் பார்த்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் காதுக்காரர் காதுக்கு மேல் அப்பீல் கிடையாது. இருந்தாலும் மனசு கேட்காமல் அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பதினொரு மணிக்குக் காதுக்காரர் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் ரூமில் இருந்தார். கைப்பேசி அதிர்ந்தது. ஒரு புகைப்படம். துடைத்து வைத்ததுபோல வெறும் தட்டு. கீழே அக்கா எழுதியிருந்தார்: ‘இன்னும் ஒன்னுகூட இல்ல. தண்ணி குடிக்கல. காது சில்லுனு இருக்கு. நீங்க கேட்டது சரிதானா?’

இருபத்தேழு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. லிஃப்டை அவரே பிரித்துப் போட்டிருந்ததால் திருப்பி மாட்டி, ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்து, அதன் பிறகும் அதில் இறங்கப் பொறுமையில்லாமல் பன்னிரண்டு மாடியும் படியில் தடதடவென்று ஓடி வந்தார். வாசலில் மேலாளர் மடக்கினார்.

“என்னங்க, எங்க ஓடுறீங்க?”

“வீட்ல உடம்பு சரியில்ல சார்.”

“யாருக்கு?”

“சின்னதுக்கு” என்றார், ஓடிக்கொண்டே.

அக்காவும் அவரும் முயலைத் தூக்கிக்கொண்டு போன முதல் மருத்துவமனையில் நாய், பூனை மட்டும்தான் என்றார்கள். இரண்டாவதில், நாய், பூனை, கிளி என்றார்கள். மூன்றாவதில் ஒரு இளம் பெண் டாக்டர், “முயல் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, கொண்டாங்க” என்று கையை நீட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கே காதுக்காரர் அவருக்குச் சொத்தை எழுதி வைத்திருப்பார்.

டாக்டர் பல்லைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இடதுபக்கம் கேட்டார், வலதுபக்கம் கேட்டார்.

“சத்தமே இல்லையே” என்றார்.

“அதான் டாக்டர்! காலையில நானும் கேட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல!” காதுக்காரர் வாயெல்லாம் பல்லாக அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுதாங்க நோயே” என்றார் டாக்டர்.

பல் உள்ளே போய்விட்டது.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். முயலின் குடல் இருபத்திநாலு மணி நேரமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால் மெல்லக் குடுகுடுவென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் குடல் நின்றுவிட்டது என்று பொருள். குடல் நின்றால் சாப்பிடாது. சாப்பிடாவிட்டால் குடல் ஓடாது. பெரிய முயலே ஒன்றிரண்டு நாளில் போய்விடும், இது ஐந்து மாதம்கூட ஆகாத குட்டி. “நல்லா இருக்கிறப்ப எப்பவாவது வயித்துல காது வச்சுக் கேட்டிருக்கீங்களா?” என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

கேட்டதில்லை. ‘அது’தானே என்று காட்டிக்கொள்வதற்காகத் தூக்கியதே இல்லை. பத்தொன்பது லிஃப்டுக்கும் காது கொடுத்தவர், தன் வீட்டுக் கூண்டுக்குக் கொடுக்கவில்லை. முதல் கொள்கையை மீறியது தான்தான் என்று உறைத்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“என்ன காரணம் டாக்டர்?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“பல்லு நல்லா இருக்கு. எக்ஸ்ரேல அடைப்பு இல்ல. பயமா இருக்கலாம், சாப்பாடா இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பாதி நேரம் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிரும். இப்ப அதைத் தேட நேரமில்லீங்க, ஓட வைக்கணும்.” வலிக்கு ஒரு ஊசி, உடம்பில் நீர் ஏற இன்னொரு ஊசி, குடலுக்கு மருந்து. தூள் உணவைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். “நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள சத்தம் வந்தா நல்லது. நாளைக்குச் சாயங்காலம்வரைக்கும் வரலைன்னா...” டாக்டர் முடிக்கவில்லை. மீதியை அக்கா அவர் முகத்தில் படித்துக்கொண்டார்.

வீட்டில் முதல் வேளை மருந்து புகட்டுவதற்குக் காதுக்காரர் உட்கார்ந்தார். டன் கணக்கில் எடை தொங்கும் வடத்தை முறுக்கிப் பழகிய கை, சிரிஞ்சை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டது. மருந்து முயலின் மூக்கில், மீசையில், இவருடைய சட்டைப் பையில். “நகருங்க நீங்க” என்று அக்கா ஒரு துண்டை விரித்தார். முயலை நடுவில் வைத்து, இடமிருந்து ஒரு மடிப்பு, வலமிருந்து ஒரு மடிப்பு, கீழிருந்து ஒன்று. புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல் சுருக்கமில்லாமல் மடித்து, தலையை மட்டும் வெளியே விட்டார். கடைவாயோரம் சிரிஞ்சை வைத்து ஒரு துளி. விழுங்கியது. இன்னொரு துளி.

“குடிக்குதுடி! குடிக்குது!” காதுக்காரர் துள்ளினார்.

“கத்தாதீங்க, பயந்துக்கப் போவுது.” காது கேட்காதவர் கேட்கிறவரை அடக்கினார்.

மருந்து புகட்டும் வேலை பறிபோன காதுக்காரர் சும்மா இருப்பாரா? புது நோட்டு ஒன்றை எடுத்து நாலு பத்தி போட்டார். தேதி எழுதினார். கோளாறு: குடல் நின்றது. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. டாக்டருக்குத் தெரியாவிட்டால் போகட்டும், தான் எதற்கு இருக்கிறோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைத் துருவ ஆரம்பித்தார். தண்ணீர்ப் புட்டியைப் பிரித்து அதன் முனையில் உருளும் குண்டைத் துடைத்துப் பார்த்தார். தரை துடைக்கும் திரவத்தை முகர்ந்தார். நாற்காலிக் காலில் கடித்த இடத்தை டார்ச் அடித்துச் சோதித்தார். புல் கட்டை முழுவதும் பிரித்து ஒவ்வொரு இழையாக நாளிதழில் பரப்பினார். ‘தண்ணீர்? இல்லை. பெயிண்ட்? இல்லை. பூஞ்சை? இல்லை’ என்று எழுதி எழுதி அடித்தார். கடைசியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

“டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. பிஸ்கட் குடுத்தீங்களா?”

நாற்பது வருடம் பிள்ளைகளை இதே கேள்வி கேட்டு மிரட்டிய டீச்சர், அன்றைக்குப் பிள்ளையாகிப் போனார். “ஒரே ஒரு துண்டுங்க... அதுவும் போன மாசம். அது மோந்து பாத்துட்டு வேணாம்னு போயிருச்சு.”

‘பிஸ்கட்? இல்லை’ என்று அதையும் அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நோட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா துண்டுப் பொட்டலத்தை மடியில் வைத்து, அதன் முதுகை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். காதுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“காலையிலேயே நீ சொன்ன. நான்தான் கேக்கல.”

“என்னது?”

தோளைத் தொட்டு முகத்துக்கு நேராக வந்தார். “தப்பு என்னுதுன்னு சொல்றேன்!”

“என்னங்க? சரியாக் கேக்கல.”

“தப்பு என்னுதுதான்! தட்டப் பாத்து நீ சொன்னதுதான் சரி! என் காது தப்பு!” எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மாடியில் யாரோ தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“மொதல் தடவையே கேட்டுருச்சு” என்றார் அக்கா. “சும்மா இன்னொரு வாட்டி சொல்ல வச்சேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் காதுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது. அதை அவர் வாய்விட்டும் சொன்னார், இந்தமுறை மெல்லிய குரலில். அதுவும் அக்காவுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு ஊசி போட்டார். “மருந்தை விடாதீங்க. இன்னைக்குப் பகல்தான் முக்கியம்” என்றார். “புழுக்கை ஒன்னு ரெண்டு விழுந்தா நல்ல சேதி. ஆனா அது உள்ள கிடந்த பழசாக்கூட இருக்கலாம். சத்தம் வரணும். சத்தம் வந்தா ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம்.”

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அழைப்பு வந்துவிட்டது. நேற்று ஓடிவந்த அதே பன்னிரண்டு மாடிக் கட்டடம். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் லிஃப்ட் நிற்கிறது, உள்ளே இரண்டு பேர். வேறு ஆள் அனுப்பச் சொல்லலாம். ஆனால் அந்தக் கட்டடத்தை அவரைவிட யாருக்கும் தெரியாது. “போங்க. நான் இருக்கேன்ல?” என்றார் அக்கா, சிரிஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல். போனார். நேற்று ஓடிய அவசரத்தில் தானே எதையாவது சரியாக முறுக்காமல் விட்டுவிட்டோமோ என்ற உதைப்பு வழியெல்லாம் இருந்தது. அப்படி இல்லை. ஐந்தாம் மாடிக் கதவிடுக்கில் யாருடைய பையிலிருந்தோ விழுந்த பேனா மூடி. இருபது நிமிடத்தில் இரண்டு பேரையும் வெளியே எடுத்தார். நோட்டில் காரணம் பத்தியில் ‘பேனா மூடி’ என்று எழுதும்போது ஒரு பொறாமை வந்தது. எவ்வளவு சுலபமாக ஒரு காரணம்!

மேலாளர் வந்து தோளில் கை வைத்தார். “குழந்தைக்கு எப்படி இருக்குங்க?”

“இன்னும் வெளிக்குப் போகல சார்.”

“அடடா” என்றார் மேலாளர். அந்தச் செய்தி பரவி, கட்டடமே கவலைப்பட்டது. ஆறாம் மாடியிலிருந்து ஒரு அம்மா, வெந்நீர் கொடுத்துப் பாருங்கள் என்று இறங்கிவந்து சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் ரூமைப் பூட்டுவதற்கு முன், பழக்கதோஷத்தில் ஸ்க்ரூடிரைவரை மெஷின்மேல் வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினார். அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்த நிசப்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. படக்கென்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கைப்பேசி அதிர்ந்தது. புகைப்படம். அதே தட்டு. தட்டின் நடுவில், மிளகைவிடச் சின்னதாக, ஒரு கறுப்புப் புள்ளி. தூசியா? பெரிதாக்கிப் பார்த்தார். தூசி இல்லை. கீழே அக்கா எழுதியிருந்தார்: ‘ஒன்னு!!!’

காதுக்காரர் தலைகால் புரியாமல் ஓடினார். இந்தமுறை லிஃப்டில்தான் இறங்கினார், ஆனால் லிஃப்டுக்குள்ளும் நின்ற இடத்தில் குதித்துக்கொண்டிருந்தார். தன் லிஃப்டில் யாராவது அப்படிக் குதித்தால் அவர் கொன்றே போட்டிருப்பார். வாசலில் மேலாளரிடம் கைப்பேசியை நீட்டினார். “போயிருச்சு சார்! ஒன்னு போயிருச்சு!” படத்தைப் பார்த்த மேலாளர் நெடுநேரம் வாயைத் திறந்தபடி நின்றதாகக் காவலாளி பிறகு சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்தவர் மின்விசிறியை நிறுத்தினார். குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்தார். எதிர்வீட்டுக்குப் போய், “டீச்சர், அஞ்சு நிமிஷம் மிக்ஸி போடாதீங்க” என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா துண்டை விரித்து அதன்மேல் கிரீஸைப் படுக்க வைத்திருந்தார். குட்டியின் கண் இப்போது முழுசாகத் திறந்திருந்தது. மூக்கு லேசாகத் துடித்தது.

காதுக்காரர் தரையில் குப்புறப் படுத்தார். தலையைத் திருப்பி, பாரம் விழாமல் காதை மட்டும் வெள்ளை வயிற்றில் ஒட்டினார். விரலை உயர்த்தினார். அங்கே பேசுவதற்கு ஆளே இல்லை. இருந்தாலும் உயர்த்தினார்.

ஒன்றுமில்லை. முயலின் இதயம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டு அதற்கும் கீழே கேட்டார். ஒன்றுமில்லை. விரல் மேலேயே இருந்தது. அக்கா அவர் காதைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். மூன்று நிமிடம். பழசுதான், உள்ளே கிடந்த பழசுதான் என்று அவர் காதை எடுக்கப் போனபோது, எங்கோ ஆழத்தில் ஒரு சின்னக் ‘குடு’.

மூச்சை நிறுத்தினார்.

குடு. குடுகுடு. பிறகு இழுத்தாற்போல ஒரு நீளச் சத்தம், கடைசியில் ஒரு துள்ளல். எண்ணெய் வற்றின பேரிங்கைவிட மோசமான சத்தம். எந்த லிஃப்டிலாவது இப்படிக் கேட்டிருந்தால் அந்த நிமிடமே நிறுத்திப் பூட்டியிருப்பார்.

“வந்துருச்சு!” என்று அலறினார். “ஓடுது! ஓடுதுடி! என்ன சத்தம் போடுது பாரு! அய்யோ, என்னமா சத்தம் போடுது!” எதிர்வீட்டில் டீச்சர் கைதட்டியது கேட்டது. கிரீஸ் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது. சுற்றுமுற்றும் பார்த்தது. பரப்பிக் கிடந்த புல்லில் பக்கத்திலிருந்த ஒரு இழையை இழுத்து, யோசித்து யோசித்து மெல்ல ஆரம்பித்தது. மூலையில் நோட்டு திறந்தே கிடந்தது. காரணம் என்ற இடத்தில் அடித்த கோடுகள்தான் இருந்தன. அதை அவர் இன்றுவரை நிரப்பவில்லை.

அக்கா குனிந்து தன் வலது காதை முயலின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். சற்று நேரம் வைத்திருந்தார். நிமிர்ந்து, இல்லை என்று தலையசைத்தார்.

“எப்படிங்க இருக்கு?” என்று உள்ளங்கையை நீட்டினார்.

காதுக்காரர் மறுபடி தரையில் படுத்துக் காதை வைத்தார். அவ்வளவு நேரமும் மேலேயே நின்றிருந்த அந்த ஆள்காட்டி விரல் இறங்கிவந்து அக்காவின் உள்ளங்கையில் தட்டத் தொடங்கியது.